சொந்த ஊரை ஆராய மானுடவியல் படிக்கலாமா?

வாசகியின் கடிதம் (சுருக்கமாக): வணக்கம் அம்மா. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம் எங்களுடையது. பி.ஏ. வரலாறு கடைசி வருஷம் படிக்கிறேன். அம்மா நடவு, களை வேலைக்குப் போகிறவர், அப்பா கொத்தனார். எனக்கு எம்.ஏ. சமூக, பண்பாட்டு மானுடவியல் படிக்க ஆசை. வீட்டில் பி.எட். முடி, டீச்சர் ஆகு என்கிறார்கள். கல்லூரியில் ஒரு சார், "தஞ்சாவூர் ஜில்லாவைப் பற்றி வெளிநாட்டுக்காரர்களே எல்லாம் எழுதிவிட்டார்கள், நீ புதிதாக என்ன எழுதப் போகிறாய்" என்று கேட்டார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் தெருவைப் பற்றி எங்களில் யாரும் எழுதியதில்லை. என் ஊர் எனக்கு நன்றாகத் தெரியும், அதையே ஆய்வுக்கு எடுக்கலாமா? எங்கே படிப்பது? ஆங்கிலம் சுமார்தான், கோட்பாடு என்றாலும் பயம். லண்டனில் ஒரே வருஷத்தில் முடித்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா? வேலை கிடைக்குமா என்று அம்மா கேட்கிறார், என்ன பதில் சொல்வது?

பதில்:

வணக்கம்மா. கல்லூரி, ஆங்கிலம், வேலை எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் சார் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைக் கேட்டு நீங்கள் கொஞ்சம் தளர்ந்திருப்பது கடிதத்தில் நன்றாகவே தெரிகிறது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. கிராம ஆய்வு என்று எடுத்துக்கொண்டால் இந்தியாவில் அதிகம் எழுதப்பட்ட பகுதிகளில் நம் டெல்டாவும் ஒன்று. 1916இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை வைத்துச் சில ஊர்களைக் கணக்கெடுத்தார். அதில் ஒன்று அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவின் பாலக்குறிச்சி, இன்று நாகை மாவட்டத்தில் இருக்கிறது, பின்னாளில் வேறு ஆய்வாளர்களும் அதே ஊருக்குத் திரும்பப் போய் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தார்கள். 1951இல் மானுடவியலாளர் கேத்லீன் கஃப் வந்தார், இரண்டு ஊர்களில் தங்கி வேலை செய்து அவற்றுக்குக் கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்று புனைபெயர் வைத்தார், 1976இல் திரும்பவும் வந்து பார்த்தார். 1961, 62 வாக்கில் திருவையாற்றுப் பக்கம் ஒரு ஊரில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தங்கினார், அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று பெயர் வைத்து சாதி, வர்க்கம், அதிகாரம் என்ற மூன்றும் அங்கே எப்படிப் பின்னியிருந்தன, எப்படிப் பிரிந்துகொண்டிருந்தன என்று 1965இல் புத்தகம் போட்டார். திப்பிராஜபுரத்து அக்ரஹாரத்தை விட்டு நகரங்களுக்கும் வெளிநாட்டுக்கும் போன, வாத்திமர் என்ற பிராமணப் பிரிவுக் குடும்பங்களைப் பற்றி கிறிஸ் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் எழுதியிருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் மீனவர்களோடு இருந்து டென்மார்க்கைச் சேர்ந்த ஃப்ரிதா ஹாஸ்ட்ரப் எழுதினார். இன்னும் பட்டியல் நீளும்.

ஆனால் இவர்களில் ஒவ்வொருவரும் எந்தத் தெருவில் தங்கினார்கள், யார் வீட்டில் சாப்பிட்டார்கள் என்று பாருங்கள், அப்போது உங்கள் சாருக்கு பதில் கிடைக்கும். பெத்தேய் அக்ரஹாரத்தில் விருந்தாளியாகத் தங்கினார். அங்கே தங்கிக்கொண்டு சேரிக்கு இஷ்டப்படி போய்வர முடியாது, போனால் அக்ரஹாரத்துக் கதவு சாத்தப்படும் நிலைமை. தன் கள வேலை அக்ரஹாரத்தில் ஆழமாகவும் ஆதிதிராவிடர் தெருவில் மெலிந்தும் இருந்ததை அவர் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே ஒளிக்காமல் சொல்கிறார், அந்த நேர்மைக்காகவே இன்றும் வகுப்பில் அந்தப் பக்கங்களைப் படிக்கச் சொல்கிறேன். அவர் திறமையில் குறை இல்லை. ஒரு ஊரில் ஒரு ஆள் ஒரு வாசலில்தான் படுத்துத் தூங்க முடியும், அந்த வாசலில் இருந்து தெரிவதுதான் முதலில் எழுத்தில் வரும்.

நீங்கள் நிற்பது வாய்க்காலுக்கு மறுபக்கம். ஆகவே, எழுதி முடித்துவிட்டார்கள் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இதற்கு ஒரு நல்ல முன்னோடியும் இருக்கிறார். திருச்சி மாவட்டத்தில் ஒரு ஊரில் 1980களின் கடைசியில் கரின் கபாடியா தங்கி, நடவுக்குப் போகிற பெண்களின் கூலி, சடங்கு, வீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் எழுதி 1995இல் புத்தகமாக்கினார். நடவு நடுகிற பெண் வெறும் "விவசாயக் கூலி" என்ற ஒரு வரியில் அடங்காமல், குடும்பத்தைத் தாங்குகிறவளாகவும் தனக்கென்று ஒரு கருத்து வைத்திருப்பவளாகவும் அதில் வருகிறாள். நூலகத்தில் கிடைத்தால் பெத்தேய்க்கு முன்னால் அதைப் படியுங்கள், உங்கள் அம்மாவின் பேச்சு அதில் கேட்கும்.

அதற்குப் பிறகு எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள். கதிர் அறுக்க மெஷின் வந்து அறுப்புக் கூலி போயே போய்விட்டது. நடவுக்கும் மெஷின் வந்திருக்கிறது, பல ஊர்களில் நேரடி விதைப்பு, இன்னும் சில ஊர்களில் மேற்கு வங்கத்தில் இருந்து ஆண்கள் குழுவாக வந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கையில் இருந்த ஒரு வேலையை இப்போது ஆண்கள் செய்கிறார்கள் என்றால் அந்த வீடுகளில் என்ன நடக்கிறது? அம்மா என்ன செய்கிறார், நூறு நாள் வேலையா, திருப்பூரா, குழுக் கடன் வாரத் தவணையை எப்படிக் கட்டுகிறார், நடவுப் பாட்டு தெரிந்த கடைசி ஆள் யார், வங்கத்துப் பையன்கள் எங்கே தங்குகிறார்கள், அவர்களுக்கு ஊரில் யார் தண்ணீர் கொடுக்கிறார்கள், அவர்களை எந்தத் தெருவுக்குள் விடுகிறார்கள்? பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது, 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள், அந்தக் காலத்துக் கூலிப் போராட்டங்களைப் பற்றி நிறைய படிக்கக் கிடைக்கிறது. போராடி உயர்த்திய கூலிக்கு வேலையே குறைந்துகொண்டு போகிற இந்தக் காலத்தைப் பற்றி, அந்த வீட்டுக்குள் இருந்து எழுதியவர்கள் மிகக் கொஞ்சம். நீங்கள் எழுத வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இதைச் சொல்லிவிட்டு, இப்போது நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். எம்.ஏ. ஆய்வுக்கு உங்கள் ஊரை எடுக்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். உங்கள் ஊரை உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும்தான், ஆனால் அது உங்கள் தெருவில் இருந்து தெரிந்த ஊர். நிலக்காரர்கள் இருக்கிற வடக்குத் தெருவில் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறீர்களா? உட்கார விடுவார்களா? நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றால் உங்களை ஆய்வாளர் என்று யாரும் பார்க்கப் போவதில்லை, "நீ இன்னார் மகள்தானே, படிக்கிறியா, நல்லது" என்று சொல்லிவிட்டு நிலம், குத்தகை, கடன் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பெத்தேய்க்கு ஒரு பக்கம் கதவு சாத்தியிருந்தது, உங்களுக்கு எதிர்ப்பக்கம் சாத்தியிருக்கும். உங்கள் தெருவுக்குள்ளும் எல்லாம் சுலபம் கிடையாது. சித்தி வீட்டுக் கடனை சித்தி உங்களிடம் சொல்வாரா? சொன்னாலும் அதை நீங்கள் எழுதலாமா? எந்த வீட்டில் என்ன கேட்கக் கூடாது என்று சின்ன வயதில் இருந்து பழகியிருக்கிறீர்கள், அந்தப் பழக்கத்தாலேயே சில கேள்விகள் உங்கள் வாயில் வராது. வெளியாள் "ஏன் அந்தக் குழாயில் நீங்கள் தண்ணீர் பிடிப்பதில்லை" என்று விவரம் தெரியாமல் கேட்டுவிடுவார், அதில் இருந்து பெரிய விஷயம் கிளம்பும். உங்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றாது, பதில் பிறந்ததில் இருந்தே தெரியும் என்பதால்.

அடுத்தது இதைவிட முக்கியம். புனைபெயர் வைத்தால் ஊரை மறைத்துவிடலாம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். ஸ்ரீபுரம் எது, கும்பப்பேட்டை எது என்று விசாரித்துக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள், அதெல்லாம் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய கள ஆய்வுகள். இன்றைக்கு நீங்கள் எழுதினால், எழுதியவர் பெயரைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும், அடுத்த நாள் ஊர் வாட்ஸப் குழுவில் அந்தப் பக்கத்தின் போட்டோ இருக்கும். வெளிநாட்டு ஆய்வாளர் விமானம் ஏறிப் போய்விடுவார். உங்கள் அம்மா மறுநாள் காலையில் அதே வயலுக்கு நடவுக்குப் போக வேண்டும். நீங்கள் எழுதிய ஒரு பத்தியால் அவருக்கு வேலை சொல்லி அனுப்புவது நின்றுபோனால், அல்லது சாதி மாறிக் காதலிக்கிற ஒரு பிள்ளைக்கு ஆபத்து வந்தால், அந்த ஆய்வுக்கு எத்தனை மார்க் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. எதை எழுதலாம், எதைத் தெரிந்துகொண்டு மனதோடு வைத்துக்கொள்ள வேண்டும், யாரிடம் எப்படி அனுமதி கேட்க வேண்டும் என்பதையெல்லாம் நன்றாகப் பழகிய பிறகே சொந்த ஊருக்குள் நோட்டோடு நுழைய வேண்டும்.

அதனால் என் யோசனை இது. எம்.ஏ.வில் கள ஆய்வுக்குக் கிழக்கே போங்கள், கடற்கரைக்கு. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் பக்கத்து மீனவக் கிராமங்கள் உங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம், ஆனால் அது வேறு உலகம். வயல்காட்டுப் பெண்ணுக்கு அங்கே வலையின் பெயர் தெரியாது, காற்றின் பெயர் தெரியாது. ஊர்ப் பஞ்சாயத்து எந்த வலையைத் தடுக்கிறது, சுருக்குமடி வலைத் தகராறில் பக்கத்து ஊரோடு ஏன் முறிந்தது, பிடித்த மீனை ஏலம் எடுத்துக் கூடையில் கொண்டு போகிற பெண்களுக்கு முதல் யார் கொடுக்கிறார்கள், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பில் பழைய தெரு வரிசை எப்படிக் கலைந்தது என்று எல்லாவற்றையும் ஒரு குழந்தை மாதிரி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அப்படித் தெரியாதவளாகப் போய் உட்கார்ந்து, அவமானப்படாமல் கேட்டு, கேட்டதை அன்றைக்கு இரவே எழுதி, எழுதியதைச் சந்தேகப்பட்டுத் திரும்பக் கேட்பதுதான் இந்தப் படிப்பு கற்றுக்கொடுக்கிற தொழில். அதைக் கற்றுக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு உங்கள் ஊருக்குத் திரும்புங்கள். அப்போது உங்கள் தெருவே உங்களுக்குப் புதிதாகத் தெரியும், வடக்குத் தெருவிலும் "பல்கலைக்கழகத்தில் இருந்து வந்திருக்கிற பெண்" என்று ஒரு நாற்காலியாவது போடுவார்கள். போடாமலும் போகலாம், அதையும் எழுதலாம்.

சரி, படிப்புக்கு வருவோம். நீங்கள் "சமூக, பண்பாட்டு மானுடவியல்" என்று குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் அந்தப் பெயரில் சேர்ந்தால் அது மட்டும்தான் இருக்கும். இந்தியாவில் பெரும்பாலான துறைகளில் மானுடவியல் என்றால் எல்லாம் சேர்ந்தது. மனித உடலின் பரிணாமம், எலும்பு, தொல்லியல் என்று முதல் வருஷத்தில் நிறைய வரும், மண்டை ஓட்டைக் கையில் வைத்து அளவெடுக்கச் சொல்வார்கள், பிறகு சமூக, பண்பாட்டுப் பிரிவைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். வரலாறு படித்த பிள்ளைகள் இதைக் கண்டு மிரண்டு பாதியில் விட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அளவெடுக்கிற அந்தப் பாடத்துக்கு ஒரு கசப்பான வரலாறும் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக ஆட்களை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் அளந்தார், கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதே காலத்தில்தான், 1911இல், சில சாதிகளைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மனிதர்களை வகைப்படுத்தி எழுதுவதால் யாருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இந்தத் துறையின் பிறவியிலேயே இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் உள்ளே வர வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோட்பாடு என்றால் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். உறவுமுறைப் பாடத்தில் உங்களுக்குப் பயமே இருக்காது. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் 1871இல் எழுதிய புத்தகம் இந்தத் துறைக்கே ஓர் ஆரம்பம் என்று சொல்லலாம். அதில் தமிழ் உறவுப் பெயர்கள் அட்டவணையாக இருக்கின்றன. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் அண்ணன் தங்கையாகவும், மாமா, அத்தை பிள்ளைகள் கட்டிக்கொள்கிற முறையாகவும் இருப்பதை அவர் பார்த்து, கடல் கடந்து அமெரிக்கப் பழங்குடி ஒன்றின் உறவுப் பெயர்களும் பெரும்பாலும் இதே மாதிரிப் பிரிவதைக் கண்டு வியந்தார். பிறகு பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன் 1940களின் கடைசியில் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடம் வந்து கல்யாண உறவை வைத்தே ஒரு பெரிய கோட்பாடு கட்டினார். மற்ற தேசத்து மாணவர்கள் வரைபடம் போட்டு மனப்பாடம் செய்கிற விஷயத்தை நீங்கள் ஒரு கல்யாண வீட்டுச் சீர்வரிசையில் யார் என்ன தூக்கி வருகிறார் என்பதை வைத்தே சொல்லிவிடுவீர்கள்.

எங்கே சேர்வது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பழைய துறை ஒன்று இருக்கிறது. புதுச்சேரி பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் மானுடவியல் துறை உண்டு. பொதுவாக எந்த இளங்கலைப் பட்டமும் போதும், வரலாறு தடையே இல்லை, சதவீத விதியை அந்த வருஷத்து விவரக்குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றில் என் விருப்பம் உங்களுக்குப் புதுச்சேரி. வீட்டுக்கு அவசரத்துக்கு வந்துபோகிற தூரம், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் அதே ஊரில் இருக்கிறது, கடற்கரைக் கிராமங்களும் பக்கம். ஆனால் எந்தத் துறையாக இருந்தாலும் சேருவதற்கு முன் அங்கே படிக்கிற சீனியர் ஒருவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள்: கள ஆய்வுக்கு எத்தனை நாள் அனுப்புகிறார்கள், எழுதிக்கொண்டு வந்த கள நோட்டை ஆசிரியர் உட்கார்ந்து வாசித்துத் திருத்துகிறாரா. பஸ் வைத்துக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாரத்தில் கேள்வித்தாள் நிரப்பிவிட்டு வருவதைக் கள ஆய்வு என்று சொல்கிற இடமாக இருந்தால் யோசியுங்கள்.

டெல்டாப் பிள்ளைகள் தவறவிடுகிற ஒன்று தேதி. புதுச்சேரி, ஹைதராபாத் மாதிரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், கடந்த சில வருஷங்களாக அதற்கு டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் திறந்து மார்ச்சில் தேர்வு நடக்கிறது. நம் பிள்ளைகள் ஜூனில் ரிசல்ட் வந்த பிறகு எம்.ஏ. தேட ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் அந்தக் கதவு மூடி மாதக்கணக்கு ஆகியிருக்கும். கடைசி வருஷத்தில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் தனியாக, கோடைக்காலத்தில் சேர்க்கை நடத்தும், அதை இரண்டாவது கதவாக வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனைப் பற்றி. ஒரு வருஷத்தில் முடிவது உண்மை. கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, அந்தக் கடனை இந்தப் படிப்பில் வருகிற சம்பளத்தால் அடைக்க முடியாது. உதவித்தொகை கிடைத்தால் போகலாம். பிரிட்டிஷ் அரசு தருகிற செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பார்கள். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையைப் பலர் சொல்வார்கள். அதில் 2022இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய பாடங்களுக்கு அந்தப் பணம் கிடையாது என்று. நிலமற்ற கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்குமான ஒரு திட்டத்தில், தங்களைப் பற்றித் தாங்களே வெளிநாட்டில் போய்ப் படிக்க வழியை அடைத்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை தருகிறது, அந்த விதிகளைத் தனியாகப் படித்துப் பாருங்கள். எப்படியானாலும் இங்கே ஒரு எம்.ஏ. முடித்த பிறகு யோசித்தால் போதும்.

ஆங்கிலம் சுமார் என்று தயங்க வேண்டாம். முதலில் பக்தவத்சல பாரதியின் "பண்பாட்டு மானிடவியல்" படியுங்கள், பாடத்தின் அடிப்படை முழுவதும் தமிழிலேயே கிடைக்கும். அப்புறம் பெத்தேய் புத்தகத்தில் ஒரே ஒரு அத்தியாயத்தை அகராதியோடு படியுங்கள். ஊர் தெரிந்த ஊராக இருப்பதால் வாக்கியம் புரியாத இடத்திலும் விஷயம் புரியும், மிராசு, குத்தகை, வாய்க்கால் முறை எல்லாம் உங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். கள நோட்டை மட்டும் எந்தக் காலத்திலும் ஆங்கிலத்தில் எழுதாதீர்கள். ஒருவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே, "வவுத்துக்கு" என்றால் "வவுத்துக்கு" என்றே எழுதுங்கள்.

அம்மா கேட்ட கேள்விக்கு மூடி மறைக்காமல் பதில் சொல்லுங்கள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் மானுடவியல் துறை அரிது, அதனால் உதவிப் பேராசிரியர் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று நம்பிச் சேரக் கூடாது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மானுடவியல் தனிப் பாடமாக இருக்கிறது, இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி. காலத்துக்குப் பணக் கவலை இல்லை. 1945இல் தொடங்கிய இந்திய மானுடவியல் ஆய்வகம் இருக்கிறது, தென்மண்டல மையம் மைசூரில். அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. 2013 நில எடுப்புச் சட்டத்தின்படி நிலம் எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், அதற்கு ஊரில் போய் ஆட்களிடம் பேசத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். தொண்டு நிறுவனங்கள், ஆய்வுத் திட்டங்களில் ஒப்பந்த வேலை, இப்போது கம்பெனிகளில் வாடிக்கையாளர் ஆய்வு வேலைக்கும் எடுக்கிறார்கள். சிவில் சர்வீஸ் தேர்வில் மானுடவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் நிறைய பேர். இவற்றில் ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் சுமார்தான், நிரந்தரம் என்று சொல்ல முடியாது. டீச்சர் வேலை அம்மாவின் ஆசை என்றால் அந்த வழி மூடிவிடவில்லை என்று சொல்லுங்கள். பள்ளிக்கூட வேலைக்கு மானுடவியல் எம்.ஏ. உதவாது, ஆனால் உங்கள் பி.ஏ. வரலாற்றை வைத்து எம்.ஏ. முடித்த பிறகும் பி.எட். சேரலாம், டெட் எழுதலாம். எம்.ஏ. படிக்கிற இரண்டு வருஷம் வீட்டுக்கு உங்கள் சம்பளம் வராது, அதை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து யோசிக்க வேண்டும். தங்கை தம்பி படிப்பு அதனால் நிற்கும் என்றால் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு வாருங்கள், மானுடவியல் எங்கேயும் போகாது.

விண்ணப்பம் போடுவதற்கு முன் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்குமா என்று வீட்டில் இருந்தே சோதித்துப் பார்க்கலாம். தாளடி நடவு நடக்கிற நேரம் இது. அம்மாவோடு நடவுக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர், முதல் நாள் இரவு யார் யாருக்குச் சொல்லி அனுப்புகிறார், போன் வந்த பிறகு அது எப்படி மாறியது, கூலியை யார் பேசுகிறார், உடம்பு முடியாதவரைச் சேர்த்துக்கொள்கிறார்களா, யாரை எப்போதும் விட்டுவிடுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஒரு நோட்டில் இடது பக்கம் கண்டதும் கேட்டதும், வலது பக்கம் உங்களுக்குத் தோன்றியது. அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே. நீங்கள் இத்தனை வருஷம் அந்தப் பெண்களோடு இருந்தும் தெரியாத ஏதாவது ஒன்று அந்த நோட்டில் வந்து, அதைப் பற்றி இன்னும் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்றால் தைரியமாக விண்ணப்பியுங்கள். எழுதுவது சுமையாகவே இருந்தால் பி.எட். நல்ல படிப்பு, வருத்தமில்லாமல் அதில் சேருங்கள். இந்த நோட்டு உங்கள் பழக்கத்துக்கு மட்டும், யாருக்கும் காட்டவோ எங்கேயும் போடவோ வேண்டாம்.

ஒரு விஷயம் விட்டுப்போனது, இதைப் படிக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மத்தியப் பல்கலைக்கழகத்தில் இட ஒதுக்கீட்டுக்குச் சமூகச் சான்றிதழ் கேட்பார்கள். பிற்படுத்தப்பட்டோர் என்றால் நம் மாநிலச் சான்றிதழ் மட்டும் செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், வருமான விவரமும் அதில் பார்ப்பார்கள். பட்டியல் சாதிச் சான்றிதழில் பெயரும் இன்ஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறபடியே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், இல்லை என்றால் இந்த மாதமே இ-சேவை மையத்தில் திருத்தக் கொடுத்துவிடுங்கள், ஜனவரியில் ஓடினால் நேரம் பத்தாது.